எல்லையில் ஏஐ கேமரா வந்துவிட்டால் ஒரு படகுகூடத் தப்ப முடியாதா?

திருவொற்றியூரிலிருந்து ஒருவர் கேட்டிருப்பது இது: நாட்டின் எல்லை முழுக்க ரேடார், ஏஐ கேமரா, ட்ரோன் என்று வைக்கிறார்களே, இனிமேல் ஒரு ஆளோ படகோ தெரியாமல் உள்ளே வர முடியாது என்று மச்சான் சாதிக்கிறான், அது உண்மையா? காசிமேட்டில் ஃபைபர் போட் வைத்துத் தொழில் செய்கிற எங்களுக்கு இதனால் நல்லதா, தொல்லையா? இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கருவியின் கண்ணில் படுமா என்பது ஒன்று. பட்டது நம்ம படகா வேற்றுப் படகா என்று சொல்ல முடியுமா, சொன்னபிறகு அங்கே போய்ச் சேர நேரம் இருக்குமா என்பது மற்றது. முதல் கேள்விக்கு இன்றைய கருவிகள் நன்றாகவே பதில் சொல்கின்றன. உங்கள் மச்சானின் வாதம் ஆட்டம் காண்பது இரண்டாவதில்தான்.

கீழே வரும் ரேடார், கேமரா கணக்குகள் இயற்பியல். யார் எங்கே வைத்தாலும் மாறாது. அரசுத் திட்டங்கள் குறித்துச் சொல்பவை வெளியில் அறிவிக்கப்பட்டவை. எந்த நிலையம் எந்த நேரத்தில் எதைப் பார்க்கிறது என்பது பொதுவெளிக்கு வராத விஷயம், வரவும் கூடாது. அந்தப் பக்கம் நான் போகவில்லை.

வடசென்னைக்காரருக்கு எல்லை என்றால் முள்வேலி அல்ல, கடல். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நம் ஆட்சிக்கடல், 200 கடல் மைல் வரை தனிப்பொருளாதார மண்டலம். இதை வகுத்தது 1976-ஆம் ஆண்டுச் சட்டம். இந்தக் கடலைப் பார்க்கும் முதல் கருவி கரையோர ரேடார். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோரக் காவல் படைக்காக முதல் கட்டமாக 46 இடங்களில் ரேடாரும் கேமராவும் வைத்தார்கள். பெரும்பாலும் கலங்கரை விளக்கங்களில்தான். ஏன் அங்கே என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ரேடாரின் உயரம், இலக்கின் உயரம் இரண்டுக்கும் மீட்டரில் வர்க்கமூலம் எடுத்து, கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் ரேடார் எட்டிப் பார்க்கும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 50 மீட்டர் உயரத்தில் ரேடார், 2 மீட்டர் உயரமுள்ள படகு என்றால் சுமார் 35 கிலோமீட்டர், அதாவது 19 கடல் மைல். அதே ரேடாரை 10 மீட்டர் கம்பத்தில் வைத்தால் 19 கிலோமீட்டரோடு சரி. பூமி வளைந்திருப்பதால் வருகிற வரம்பு இது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் தாண்ட முடியாது. பங்குனி, சித்திரையில் கடல்மேல் காற்று அடுக்கடுக்காக நிற்கும் சில நாட்களில் அலை வளைந்துபோய் இன்னும் தூரம் தெரிவதுண்டு. அது போனஸ், அதை நம்பித் திட்டம் போட முடியாது.

அந்த 19 கடல் மைல்கூட உச்சவரம்புதான். இரும்புக் கப்பல் பளிச்சென்று தெரியும். ஃபைபர் படகின் உடம்பில் ரேடார் அலையின் பெரும்பகுதி ஊடுருவிப் போய்விடும்; திரும்பி வருவது எஞ்சின், ஐஸ் பெட்டி, நனைந்த ஆட்கள் ஆகியவற்றிலிருந்து. கடல் கலங்கியிருந்தால் அலைமுகடுகளே படகைவிடப் பெரிய எதிரொலி தரும். அதை அடக்க ஆபரேட்டர் திரையில் இரைச்சலைக் குறைப்பார், கூடவே சின்னப் படகும் அழிந்துபோகும். வாடைக்காற்று அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு ஃபைபர் போட்டை நம்பிக்கையாகப் பிடிக்கும் தூரம், கணக்கு சொல்லும் தூரத்தில் பாதிக்கும் கீழே இறங்கலாம். விற்பவர்களின் விவரத்தாளில் இருப்பது அமைதியான கடலில் எடுத்த எண் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரேடார் ஒரு புள்ளியைக் காட்டும், பெயரைச் சொல்லாது. பெயர் சொல்வதற்குத்தான் ஏஐஎஸ் என்கிற கருவி. படகே தன் எண், இடம், வேகம், திசை எல்லாவற்றையும் வி.எச்.எஃப் என்ற வானொலி அலையில், 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸில், சொல்லிக்கொண்டே போகும். பெரிய கப்பலின் ‘ஏ’ வகைக் கருவி 12.5 வாட்டில், ஓடும்போது 2 முதல் 10 நொடிக்கு ஒருமுறை பேசும். சிறு படகுகளுக்கான ‘பி’ வகை பெரும்பாலும் 2 வாட், 30 நொடிக்கு ஒருமுறை. இந்தியப் படகென்றால் அடையாள எண் 419 என்று தொடங்கும். நம் நாட்டில் 20 மீட்டருக்கு மேற்பட்ட கலங்களுக்கு இது கட்டாயம். காசிமேட்டு ஃபைபர் போட் அந்த நீளத்தில் பாதிகூட இல்லை. ஆக, எண்ணிக்கையில் மிக அதிகமான படகுகள் தாமாகப் பெயர் சொல்லாத படகுகள். சொல்லும் பெயரும் முழுக்க நம்பத்தக்கதல்ல: எண்ணைத் தப்பாகப் பதிவுசெய்து விற்ற கருவிகள் உண்டு, வலையில் கட்டிவிடுகிற மலிவான மிதவைக் கருவிகள் படகு போலவே திரையில் தோன்றுவதுண்டு, வேண்டுமென்றே அணைத்து வைப்பவர்களும் உண்டு. அணைத்து வைக்கிறவரெல்லாம் கடத்தல்காரர் அல்ல. ஏஐஎஸ் ஒலிபரப்பை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். மீன் கிடைத்த இடம் பக்கத்துப் படகுக்குத் தெரியக் கூடாது என்பதும் ஒரு காரணம்.

இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர், அதாவது செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பவும் வாங்கவும் படகில் வைக்கும் கருவி, இதிலிருந்து வேறுபட்டது. 2024 ஆகஸ்ட் 30-இல் மகாராஷ்டிராவின் பால்கரில் நாடு முழுவதற்குமாகத் தொடங்கிவைத்த திட்டம் அது. சுமார் 364 கோடி ரூபாயில் 1 லட்சம் படகுகளுக்கு இலவசமாகப் பொருத்துவது இலக்கு. அதன் செய்தி ஜிசாட்-6 செயற்கைக்கோள் வழியாகக் கரை மையத்துக்குப் போகிறது, பக்கத்துப் படகுக்கு அல்ல. கரையிலிருந்து புயல் எச்சரிக்கையும் எல்லையை நெருங்கும் எச்சரிக்கையும் படகுக்கு வரும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு ‘எல்லாம் உளவு பார்க்கத்தான்’ என்று கழற்றி வைப்பவர்கள் அபாய அழைப்பு வசதியையும் சேர்த்துக் கழற்றுகிறார்கள்.

இப்போது மச்சானிடம் 2008-ஐ நினைவுபடுத்துங்கள். அந்தப் பத்துப் பேர் வந்தது குபேர் என்ற இந்திய மீன்பிடிப் படகில். நடுக்கடலில் அதைக் கைப்பற்றினார்கள், கரைக்குக் கடைசித் தூரத்தை ரப்பர் படகில் கடந்தார்கள். அன்றைக்கு இன்றைய ரேடார் இருந்திருந்தால் அதன் திரையில் தெரிந்திருக்கும். என்னவாக? இந்தியப் பதிவெண் கொண்ட, இந்திய மீன்பிடிப் படகாக. புள்ளியைப் பார்ப்பதல்ல, புள்ளிக்குள் யார் என்பதே பிரச்சினை. படகுப் பதிவு, மீனவருக்கு பயோமெட்ரிக் அட்டை, புறப்படும்போது டோக்கன் என்று கரையில் நடக்கிற சலிப்பான வேலைகள் ரேடாருக்கு நிகராக முக்கியமானது இதனால்தான். அவை விலை குறைவு, செய்தியில் வராது, வருஷா வருஷம் புதுப்பிக்காவிட்டால் கெட்டுப்போகும்.

கேமரா அந்தப் புள்ளியை ஆளாக மாற்றித் தரும் என்பது அடுத்த நம்பிக்கை. ஓரளவுக்கு உண்மை. பரவலாக விற்கும் குளிரூட்டப்படாத தெர்மல் கேமரா ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 640 × 512 புள்ளிகள், ஒரு புள்ளி 12 மைக்ரான், 100 மி.மீ. லென்ஸ். ஒரு மனிதனை ‘ஏதோ இருக்கிறது’ என்று அறிய அவன் உருவத்தில் 2 புள்ளிகள் விழுந்தால் போதும், ‘மனிதன்தான், மாடு அல்ல’ என்று சொல்ல 8 வேண்டும், கையில் என்ன வைத்திருக்கிறான் என்கிற அளவுக்கு 13 வேண்டும். கணக்குப் போட்டால் முறையே சுமார் 3,100 மீட்டர், 780 மீட்டர், 480 மீட்டர். விளம்பரத்தில் முதல் எண்தான் பெரிய எழுத்தில் இருக்கும். டெண்டர் எழுதுகிறவர் ‘3 கிலோமீட்டர் கேமரா’ என்று வாங்கிவிட்டு, 3 கிலோமீட்டரில் முகம் தெரியவில்லையே என்று பிறகு கேட்பது வாடிக்கை. தெர்மல் கேமராவில் முகம் எந்தத் தூரத்திலும் சரியாகத் தெரியாது; அது சூட்டைப் பார்க்கும் கருவி.

சூடு என்றதும் சென்னைக்கென்று ஒரு சிக்கல் வருகிறது. உடம்பின் வெளிச்சூடும் பின்னணியின் சூடும் ஒன்றாகிற நேரத்தில் ஆள் படத்தில் கரைந்துபோவான். காலையும் மாலையும் சிறிது நேரம் எங்கேயும் நடப்பது இது. நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் மணலும் கருங்கல் தடுப்பும் கொதிக்கும்போது பகலிலும் நடக்கும். புழுக்கமும் கடல் ஆவியும் அதிகமானால் தூரம் இன்னும் குறையும். இத்துடன் எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் சேர்கிறது. உப்புத்தூளும் சாம்பலும் கேமரா முகப்பில் படிந்து, இரவுப் பனியில் நனைந்து, காலை வெயிலில் காய்ந்தால் சிமெண்டுப் பூச்சு மாதிரி இறுகிவிடும். தெர்மல் கேமராவின் முகப்பு கண்ணாடி அல்ல, ஜெர்மானியம். மேலே மெல்லிய கார்பன் பூச்சு இருக்கும். படிந்த உப்போடும் சாம்பலோடும் துணியால் தேய்த்தால் பூச்சில் கீறல் விழும். நல்ல தண்ணீரைப் பீய்ச்சி ஊறவைத்து, தேய்க்காமல் வடியவிட வேண்டும். கடற்கரை ஓரத்தில் இதை வாரம் ஒருமுறையாவது செய்யாவிட்டால் பருவம் முடிவதற்குள் படம் மங்கும். போல்ட், கிளாம்ப் எல்லாம் 304 ஸ்டீலில் போட்டால் துருப்புள்ளி விழும், 316 வேண்டும். 80 வாட் இழுக்கும் ஒரு கேமரா கம்பத்தைச் சோலாரில் ஓட்ட, இரண்டு நாள் வெயில் இல்லாமல் தாங்க, 48 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியும் 600 வாட்டுக்குக் குறையாத பேனலும் வேண்டும். மழைக்காலத்தில் வெயில் இரண்டு நாள் அல்ல, ஐந்து நாள்கூட வராமல் போகும். அப்போது ஜெனரேட்டருக்கு டீசல் யார் கொண்டுபோவது என்பதை டெண்டரில் எழுதியிருக்க மாட்டார்கள். எல்லைக் கண்காணிப்பு அமைப்புகள் பெரும்பாலும் மென்பொருளால் தோற்பதில்லை. இந்த மாதிரி விஷயங்களால்தான் தோற்கின்றன.

ஏஐ-க்கு வருவோம். ஒரு கணக்கு போதும். காசிமேட்டிலிருந்து பழவேற்காடு வரை ஒரு இரவில் 1,000 படகு நடமாட்டம் என்று கற்பனையாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல படகைச் சந்தேகப்படுவதில் மென்பொருள் 1 சதவீதம்தான் தவறு செய்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள், அது மிக நல்ல மென்பொருள். ஒரு இரவுக்கு 10 வீண் அலாரம். உண்மையான வேற்றுப் படகு வருஷத்துக்கு ஒன்று வருகிறது என்றால், 3,650 வீண் அலாரங்களுக்கு நடுவே அந்த ஒன்று இருக்கும். இரவுப் பணியில் இருக்கும் மனிதர் இரண்டாவது வாரத்திலேயே அலாரத்தைப் பார்க்காமல் ‘ஓகே’ அழுத்தப் பழகிவிடுவார். தொல்லை தாங்காமல் உணர்திறனைக் குறைத்தால் அந்த ஒன்றும் போய்விடும். ரேடாரும் கேமராவும் இரண்டுமே ஒத்துக்கொண்டால்தான் அலாரம் என்று வைப்பது நல்ல வழி. ஆனால் மழை பெய்தால் இரண்டுமே ஒரே நேரத்தில் தடுமாறும் என்பதால், காகிதத்தில் வருகிற அளவுக்கு லாபம் நிஜத்தில் வராது.

இதைவிடப் பெரிய சிக்கல், எதைச் ‘சந்தேக நடத்தை’ என்று மென்பொருளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம் என்பது. இருட்டில் ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்பது, இரண்டு படகு நடுக்கடலில் ஒட்டி நின்று சரக்கு மாற்றுவது, திடீரென்று திசை திரும்புவது இவையெல்லாம் கடத்தலின் அடையாளங்களாகப் பல மென்பொருள்களில் எழுதப்பட்டிருக்கின்றன. வலை விட்டு மிதக்கிற படகு நெடுநேரம் நிற்காமல் என்ன செய்யும்? ஐஸ் தீர்ந்துபோனால் பக்கத்துப் படகில் வாங்காமல் என்ன செய்வார்கள்? மேல்நாட்டுப் படகுப் படங்களால் பழக்கிய மென்பொருளுக்குக் கட்டுமரம் மிதக்கும் மரக்கட்டை. நம் கரையின் படகுகளை, பகல், இரவு, மழை, வலை இழுக்கும்போது என்று எல்லா நிலையிலும் படமெடுத்துப் பழக்கியாக வேண்டும். காலண்டரையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் துறைமுகத்துக்குள், கடலில் ஃபைபரும் கட்டுமரமும் மட்டும். மே மாதத்தில் சோதித்து ‘அருமையாக வேலை செய்கிறது’ என்று கையெழுத்துப் போட்ட அமைப்பு, ஜூன் 15 விடியற்காலை விசைப்படகுகள் ஒன்றாகக் கிளம்பும்போது திணறும். சோதனையை எந்த மாதத்தில் செய்தார்கள் என்று கேட்பது நல்ல கேள்வி.

சரி, கண்டுபிடித்தாயிற்று. போய்ச் சேர வேண்டும். 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் வரும் படகை 19 கடல் மைலில் பார்த்தால், அது கரைக்கு வர 57 நிமிடம். சரிபார்த்து உத்தரவு கொடுக்க 20 நிமிடம் போனால் அது 12 மைலில் இருக்கும். 35 நாட் ரோந்துப் படகு நேரே எதிரில் நின்றிருந்தால் கரையிலிருந்து 8 மைல் சுமாரில் மறிக்கலாம். அதே படகைக் கலங்கிய கடலில் 9 மைலில்தான் பார்த்தோம் என்றால், அதே 20 நிமிடத்தில் அது கரைக்கு 2 மைல்தான் பாக்கி. ரோந்துப் படகு காட்டுப்பள்ளிப் பக்கம் இருந்து இலக்கு திருவொற்றியூர்ப் பக்கம் என்றால் ஆட்டம் முடிந்தது. ரேடாருக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கைப் படகு, டீசல், பயிற்சி பெற்ற ஆட்களுக்கு ஒதுக்காவிட்டால் நடப்பதைத் திரையில் வேடிக்கை பார்க்கலாம். 2017 ஜனவரி 28-இல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே டான் காஞ்சிபுரமும் பிடபிள்யூ மேப்பிளும் மோதி, எண்ணூர்க் கரையில் எண்ணெய்ச் சேற்றை வாளியால் அள்ளியது உங்களுக்கு மறந்திருக்காது. இரண்டும் ஏஐஎஸ் கட்டாயமான பெரிய கப்பல்கள். தெரிவதும் தடுப்பதும் ஒன்றல்ல.

நில எல்லை பற்றியும் கேட்டதால் சுருக்கமாக. 2018 செப்டம்பரில் ஜம்முவில் தலா 5.5 கிலோமீட்டர் கொண்ட இரண்டு பகுதிகளில் வேலி இல்லாத இடத்துக்கான ஒருங்கிணைந்த கண்காணிப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். 2019 மார்ச்சில் அசாமின் துப்ரியில், பிரம்மபுத்திரா கிளை பிரிந்து வேலியே போட முடியாத 61 கிலோமீட்டருக்கு இன்னொன்று. சாதனங்கள் இதே குடும்பம்தான், கூடவே மண்ணுக்கடியில் ஆப்டிகல் ஃபைபர். காலடி அதிர்வை அது உணரும், மாட்டின் காலடியையும் உணரும். அமெரிக்கா 2006-இல் தொடங்கிய எஸ்.பி.ஐ.நெட் என்ற எல்லைத் திட்டத்துக்குச் சுமார் 100 கோடி டாலர் செலவழித்து, அரிசோனாவில் 53 மைலை மட்டும் முடித்த நிலையில் 2011-இல் கைவிட்டது. காசு இல்லாததால் நின்ற திட்டம் அல்ல அது. பஞ்சாப் எல்லையில் இப்போதைய தலைவலி ஆள் அல்ல, போதைப்பொருள் சுமந்து வரும் சிறு ட்ரோன். ரிமோட் அலையைப் பிடித்துக் கண்டுபிடிக்கும் கருவி, பாதையை முன்பே பதிவுசெய்து மௌனமாகப் பறக்கும் ட்ரோனிடம் தோற்றுவிடும்.

உங்கள் படகுக்கு வருகிறேன். கண்காணிப்பு வலையில் ‘தெரியாத புள்ளி’யாக இருப்பதுதான் மீனவருக்கு ஆபத்து, இரவில் கப்பல் பாதையில் மிதக்கும்போது இன்னும் அதிகம். முதலில் செய்ய வேண்டியது மலிவானது: ரேடார் பிரதிபலிப்பான். மூன்று அலுமினியத் தகடுகளைச் செங்கோணத்தில் கோத்தது. மூலையிலிருந்து முனை வரை 20 செ.மீ. என்றால் கப்பல் ரேடாருக்கு அதிகபட்சம் 6.5 சதுர மீட்டர் அளவுக்குத் தெரியும்; 30 செ.மீ. என்றால் 33 சதுர மீட்டர். பத்து சென்டிமீட்டருக்கு ஐந்து மடங்கு. தகடு ஓரிரண்டு டிகிரி வளைந்தாலும் பலன் வேகமாகக் குறையும், அதனால் வலைமேல் போட்டு நசுக்காமல் கம்பத்தில் கட்டுங்கள், தண்ணீரிலிருந்து 2 மீட்டருக்கு மேலே. ‘பி’ வகை ஏஐஎஸ் போடுவதாக இருந்தால் ஆன்டெனாவை முடிந்தவரை உயரத்தில் வையுங்கள். மெல்லிய ஆர்ஜி-58 கேபிளை 10 மீட்டர் ஓட்டினால் 2 வாட்டில் மூன்றில் ஒரு பங்கு கேபிளிலேயே கரைந்துவிடும். தடித்த ஆர்ஜி-213 போடுங்கள். இணைப்பான்களில் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றாவிட்டால் உப்புநீர் செம்புப் பின்னலில் ஏறி, வெளியே பளபளவென்றிருக்கும் கேபிள் உள்ளே பச்சையாகிச் செத்திருக்கும். கருவி வேலை செய்யவில்லை என்று வருகிற புகார்களில் பெரும்பாலும் கருவி நன்றாகவே இருக்கும், குற்றம் இந்த இணைப்பில். கரையிலேயே ஒருமுறை, உங்கள் படகு அடுத்த படகின் திரையில் சரியான எண்ணோடு தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

தகவல் யாரிடம் போகிறது என்ற கவலை நியாயமானது. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நாட்டுப் பாதுகாப்பு என்ற காரணத்துக்காக அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க இடம் கொடுக்கிறது. ஆகவே நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன், மீனவர் குறைதீர் கூட்டத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்குவது பயன் தரும்: டிரான்ஸ்பாண்டர் பதிவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், எந்தெந்தத் துறை பார்க்கும், விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாத கரையோர 3 கடல் மைலுக்குள் தவறி வந்ததற்கு அந்தப் பதிவை வைத்து மட்டுமே அபராதம் போடுவார்களா, எல்லை தாண்டியதாக வெளிநாட்டுக் கடற்படை பிடித்தால் தாண்டவில்லை என்று காட்ட அதே பதிவை மீனவருக்குத் தருவார்களா. நான்காவது கேள்விக்குப் பதில் வாங்காமல் கூட்டத்தைவிட்டு எழாதீர்கள். கடலில் சந்தேகமாக எதையாவது பார்த்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, ஆபத்து என்றால் கடலோரக் காவல் படைக்கு 1554. செல்போன் சிக்னல் போன பிறகு வி.எச்.எஃப் சேனல் 16.